ஒன்பது பேர், எட்டு ஓட்டு

அத்தியாயம் 5

"என் பொண்டாட்டிக்கு நான் ஓட்டுப் போட்டேன். அதை நீங்க நிரூபிக்கணும்."

டெல்மார் ஹாக்ருட் இதைச் சொல்லிவிட்டு, ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். ஐம்பத்தாறு வயது. கதவு நிலையை அடைக்கிற உடம்பு. எங்கே அழுதுவிடுவாரோ என்று பயந்து காபிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஆர்டிஸ் லிண்ட் சிரிக்கவில்லை. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கவுண்டி அலுவலகத்தில் ஓட்டு எண்ணியவர் அவர். மினசோட்டாவின் இந்த வடமேற்கு மூலையில் யார் எங்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாருக்குப் போடுகிறார்கள் என்று மட்டும் ஒருவரையும் கேட்டதில்லை. நான் வேய்ன் பெல்டோ. அவருக்கு வண்டி ஓட்டுவது, குறிப்பெடுப்பது, வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பது ஆகிய மூன்றும் என் உத்தியோகம்.

"ரகசிய ஓட்டு, டெல்மார்" என்றார் ஆர்டிஸ். "போட்டவர் வாயால சொன்னாத்தான் உண்டு. சாட்சி கிடையாது."

"சொல்லிட்டேனே! எட்டு நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன். யார் நம்பறா?"

விஷயம் எங்களுக்கும் தெரியும். மாநில செனட் தொகுதிக்கு இடைத்தேர்தல். டெல்மாரின் மனைவி மார்லிஸ் நின்றாள். எதிர்த்து நின்றவன் கீத் வெஸ்ட்பி, ரியல் எஸ்டேட்காரன், நல்ல பல்வரிசை. கீத்துக்கு 6,114. மார்லிசுக்கு 6,113. ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. அது போதாதென்று, மார்லிஸ் பிறந்து வளர்ந்து, இப்போது டெல்மாரோடு குடியிருக்கிற ஸ்டோர்விக் டவுன்ஷிப்பின் முடிவும் பேப்பரில் வந்துவிட்டது. அங்கே மொத்தமே ஒன்பது வாக்காளர்கள். தபாலில் சீட்டு வரும், தபாலில் திரும்பிப் போகும். ஒன்பது பேரும் மார்லிசுக்குத்தான் என்று சத்தியம் செய்தவர்கள். முடிவு: மார்லிஸ் எட்டு, கீத் ஒன்று.

அந்த ஒற்றை ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் மார்லிஸ் இன்று செனட்டர்.

"நீங்கதான்னு ஊரு நினைக்குதா?" என்று கேட்டார் ஆர்டிஸ்.

"பின்ன? கோ-ஆப் கடையில காபி குடிக்கப் போனா பேசிக்கிட்டிருந்த பேச்சு அங்கயே நின்னு போகுது. ஆர்விட் மோயன் இருபது வருஷமா எனக்குப் பக்கத்து நாற்காலி. இப்ப பூட்ஸைப் பாத்துக்கிட்டே எழுந்து போறான். பாஸ்டர் என் கையப் பிடிச்சு அழுத்துறார், வார்த்தை வரல. பாவமன்னிப்புக் கேட்கச் சொல்றாராக்கும்!"

"உங்களுக்குக் காரணம் இருந்துச்சோ?" என்றேன் நான்.

டெல்மார் என்னை முறைத்தார். அப்புறம் தோளைத் தொங்கப் போட்டார்.

"இருந்துச்சு. மறைக்க என்ன இருக்கு? எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆறு மாசமா என் பொண்டாட்டி வீட்ல சாப்பிடல. யாரு வீட்டு வாசல்லயோ நின்னு சிரிச்சிக்கிட்டிருந்தா. அதுவும் போகட்டும். எதிர்ல நின்னவன் யாரு? கீத்! பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் அவன்கூடச் சுத்தினவ அவ. விவாத மேடையில அவன் சொன்ன ஜோக்குக்கு நாலு தடவை சிரிச்சா. எண்ணினேன். எல்லார்கிட்டயும் சொல்லியும் காட்டினேன்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா ஓட்டு அவளுக்குத்தான் போட்டேன், ஆர்டிஸ். சீட்டுல அவ பேருக்கு நேரா இருக்கிற வட்டத்தைக் கறுப்பாக்கும்போது பேனா காகிதத்த ஓட்டையாக்கிடுமோன்னு பயந்துட்டேன். அவ்வளவு அழுத்தி."

"மார்லிஸ் என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. அதுதான் கொல்லுது. தையல் அறையில படுத்துக்கறா. என் முகத்தப் பாக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை டுலூத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறாளாம். எப்ப வருவேன்னு கேட்டேன். பதில் இல்ல. இன்னிக்கு புதன். எனக்கு நாலு நாள்தான் இருக்கு."

ஆர்டிஸ் எழுந்து கோட்டை மாட்டினார். "யாருக்குப் போட்டீங்கன்னு நான் யாரையும் கேட்க மாட்டேன். அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டா வரேன்."

"கேக்காம எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"அது அவங்க கவலை, ஹாக்ருட்" என்றேன். "எனக்கு அதுகூட இல்ல. வண்டி ஓட்டறதோட சரி."

*

தெருவைக் கடந்தால் கவுண்டி அலுவலகம். அங்கே ரஸ் தீலன் என்று ஒரு தேர்தல் அதிகாரி இருக்கிறான். அவன் டையில் வாத்துகள் பறக்கும். ஆர்டிஸ் வருவது தெரிந்தால் எலுமிச்சைக் கேக் துண்டு ஒன்றை மேஜை இழுப்பறையிலிருந்து எடுப்பான். எனக்கு இதுவரை ஒரு துணுக்குக்கூடக் கொடுத்ததில்லை. நான் கேட்டதுமில்லை. கேட்பேனா?

"ஆர்டிஸ்! நீங்க இல்லாம இந்த ஆபீஸே வெறிச்சோடிப் போச்சு" என்றான்.

"ஜன்னலத் தொறந்து வெச்சுப் பாருங்க, காக்காயாவது வரும்" என்றேன்.

அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்டோர்விக் முடிவுத் தாளை அவர் முன் விரித்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சுவரில் ஒட்டுகிற தாள்தான். ஒன்பது சீட்டு போனது. ஒன்பதும் திரும்பி வந்தது. செல்லாதது இல்லை. வெற்றாக விட்டது இல்லை. கீழே இருக்கும் காலி வரியில், தேர்தலில் நிற்காத யார் பெயரையாவது எழுதிப் போட்டதும் இல்லை.

"வெத்து ஒண்ணுகூட இல்ல" என்று ஆர்டிஸ் முனகினார். தாளை விட்டுவிட்டு, ஓரத்தில் கிடந்த போன வியாழக்கிழமை வாரப் பத்திரிகையை எடுத்தார். முதல் பக்கத்தில் கீத் வெஸ்ட்பி கேக் வெட்டிக்கொண்டிருந்தான். கீழே அவன் வாக்குமூலம்: "ஒரே ஓட்டில் ஜெயித்தேன். அது நானே எனக்குப் போட்டுக்கொண்ட ஓட்டுத்தான் என்று என் மனைவி கேலி செய்கிறாள்!"

"கீத் எந்த ஊர், ரஸ்?"

"இப்ப டவுன்ல இருக்கான். பிறந்தது ஸ்டோர்விக்லதான். இருபது வயசுல வெளிய வந்துட்டான்." குரலைக் குழைத்தான். "வெள்ளிக்கிழமை சர்ச்சுல லுட்டபிஸ்க் விருந்து இருக்கு, ஆர்டிஸ்..."

"அவங்களுக்குச் சோடாக் காரத்துல ஊறின மீன் ஒத்துக்காது" என்று அவரைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டி வந்தேன். ஆர்டிஸ் அந்த மீனை இரண்டு தட்டு சாப்பிடுவார். அவனுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

*

டெல்மாரின் பண்ணை பதினேழு மைல். வயலில் புதுப் பனி. மார்லிசின் காரைக் காணோம். டெல்மார் எங்களை வீட்டுக்குள் கூட்டிப் போகாமல் டிராக்டர் நிற்கிற கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பாவம், அங்கேதான் இப்போது குடித்தனம். ஹீட்டர், மடக்கு நாற்காலி, வானொலி. வேலை மேஜையில் ஸ்பானர்களுக்கு நடுவே ஐந்து கண்ணாடிப் பாத்திரங்கள் வரிசையாக, அலுமினியத் தாள் மூடி.

"ஹாட்டிஷ்" என்றார் டெல்மார். "மார்லிஸ் தோத்துட்டான்னு ஆறுதலுக்குக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. அஞ்சுலயும் அதே கறி, அதே உருளைக்கிழங்கு, அதே காளான் சூப்."

"யார் கையில கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கல. நான் வேட்டைக்குப் போயிட்டு வந்து பாத்தா இந்தக் கொட்டகை வாசல்ல இருக்கும். என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல போல."

ஆர்டிஸ் ஒவ்வொரு பாத்திரத்தையும் தூக்கி அடியைப் பார்த்தார். எங்கள் ஊரில் பாத்திரம் திரும்பி வர வேண்டுமென்றால் அடியில் நாடா ஒட்டிப் பேர் எழுதுவார்கள். பாஸ்டர் வீடு. பிராட்டன் வீடு. லார்ஸ் சகோதரர்கள் ஆளுக்கு ஒன்று. கடைசிப் பாத்திரத்தில் மோயன்.

"ஆர்விட் மோயனா? அந்தக் கட்டைப் பிரம்மச்சாரிக்கு அடுப்பு இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்" என்றேன்.

ஆர்டிஸ் கொட்டகை வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தார். வீட்டுச் சமையலறைக் கதவு ரோட்டோரமாகவே இருக்கிறது. கொட்டகைக்கு வர வேண்டுமென்றால் அதைத் தாண்டி நூறடி பனியில் நடக்க வேண்டும்.

வண்டியில் ஏறியதும் என் முடிவைச் சொன்னேன். "மேடம், ஆள் ஆர்விட்தான். இந்த டவுன்ஷிப்புலயே வாசல்ல மார்லிசோட தேர்தல் போர்டு நடாதவன் அவன் ஒருத்தன். இப்ப மனசாட்சி உறுத்துது, சமைச்சுக் கொண்டாந்து வைக்கிறான்."

"அப்ப மத்த நாலு பேருக்கும் மனசாட்சி உறுத்துதா? ஓட்டு ஒண்ணுதானே வேய்ன்?"

வண்டியை ரோட்டில் ஏற்றினேன்.

"ஒரு வீட்டுக்கு எப்ப ஹாட்டிஷ் வரும்?" என்று கேட்டார்.

"யாராச்சும் செத்தா. புத்துநோய் வந்தா. வீடு எரிஞ்சா."

"துரோகம் பண்ணினா?"

"வராது. துரோகிக்கு எதுக்கு அடுப்ப மூட்டறாங்க?"

"அதுதான். சமையலறைக் கதவு பக்கத்துல இருக்கு, தாண்டிப் போய் கொட்டகையில வெச்சிருக்காங்க. இது மார்லிசுக்கு இல்ல. டெல்மாருக்கு. இந்த ஊர் அவர் மேல கோபமா இல்ல. பரிதாபப்படுது. எதுக்குப் பரிதாபம்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

*

ஆர்விட் மோயன் கொட்டகை உத்தரத்தில் ஒரு மானைத் தொங்கவிட்டு, கத்தியும் கையுமாக நின்றார். எழுபது வயதுக் குச்சி.

"போர்டு நடலியாமே?" என்று நான் ஆரம்பித்தேன்.

"நட்டா அதச் சுத்திப் புல்லு வெட்டணும்" என்றார் ஆர்விட். "வேற?"

ஆர்டிஸ் மானைப் பாராட்டினார். பனியைப் பற்றிப் பேசினார். கிளம்புகிற மாதிரி திரும்பி, "டெல்மார் எப்படி இருக்கார்?" என்றார்.

ஆர்விட்டின் கத்தி நின்றது. "எப்படி இருப்பான்? பாவம் மனுசன். நல்லவன். கொஞ்சம் கத்துவான், அவ்வளவுதான். வயசான காலத்துல ஒருத்தனுக்கு இப்படி ஒரு அவமானம் வரக் கூடாது." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போலிருக்கிறது. முகம் மானைவிடச் சிவந்துவிட்டது. "எனக்கு வேலை இருக்கு. போயிட்டு வாங்க."

"யாருக்கு ஓட்டுன்னு கேட்டுருந்தா முடிஞ்சிருக்கும்" என்றேன் வண்டியில்.

"கேட்டிருந்தா பொய்தான் வந்திருக்கும். டவுன் ஹாலுக்கு விடு."

ஸ்டோர்விக் டவுன் ஹால் என்பது ஒற்றை அறை. ஐலீன் பிராட்டன் அங்கே கிளார்க். பாதிக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தாள். ஆர்டிஸ் பழைய மார்ச் மாதக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டார். ஒவ்வொரு மார்ச்சிலும் டவுன்ஷிப்புக்கு ஆள் தேர்ந்தெடுப்பார்கள். துண்டுச் சீட்டில் பேர் எழுதி காபி டப்பாவில் போடுவது. போட்டியே இருக்காது.

ஆர்டிஸ் பக்கங்களைப் புரட்டினார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

பதினொரு பேர் கூடியது. ஆர்விட் மோயன், பத்து. பத்துப் பேர் கூடியது. ஐலீன் பிராட்டன், ஒன்பது. அடுத்த வருஷம் மார்லிஸ் ஹாக்ருட், பன்னிரண்டில் பதினொன்று. முப்பது வருஷக் குறிப்பு. போட்டியே இல்லாத தேர்தலில் ஒருவர்கூட முழு ஓட்டு வாங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் சரியாக ஒன்று குறைந்தது.

"ஐலீன், அந்த ஒரு ஓட்டு எப்பவும் எங்கே போகுது?" என்றார் ஆர்டிஸ்.

ஐலீன் அவரை விநோதமாகப் பார்த்தாள். "எங்கேயோ போகும். பக்கத்து வீட்டுக்காரர் பேரை எழுதுவோம். தன் பேரைத் தானே எழுதிக்குவாங்களா யாராவது? சீச்சீ!"

"ஏன், எழுதினா என்ன?" என்றேன்.

"தட்டுல இருக்கிற கடைசித் துண்டை நீங்களே எடுத்து வாயில போட்டுக்குவீங்களா?"

நான் போட்டுக்கொள்வேன். அதைச் சொல்லவில்லை.

"டெல்மாருக்கு இந்த வழக்கம் தெரியுமா?"

"அவர் அயோவாக்காரர். இருபத்தொன்பது வருஷந்தான் ஆச்சு வந்து. ஒரு தடவைகூட எதுக்கும் நின்னதில்ல. இதையெல்லாம் யாரும் சொல்லித் தர்றதில்லையே." ஐலீன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க என்ன கேட்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியும், ஆர்டிஸ். என் வாயக் கிளறாதீங்க. முடிவைப் பார்த்த அன்னிக்கே எங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அந்த மனுசன் முகத்தப் பாக்க எங்களால முடியல."

வெளியே வந்து வண்டிக் கதவைத் திறக்காமலே நின்றேன்.  

"மேடம்... அந்த ஒத்தை ஓட்டு மார்லிசோடதா?"

"தன் பேருக்குப் போடாதது ஊர் வழக்கம். ஆனா வெத்தா விட்டிருக்கலாம். கீழே ஐலீன் பேரை எழுதிப் போட்டிருக்கலாம். அவ கீத் பேரைக் கறுப்பாக்கியிருக்கா. அது வழக்கம் இல்ல, வேய்ன். வேற என்னமோ."

"பழைய காதலனுக்கு! அதான் ஊரே ஹாட்டிஷ் கொண்டு வருது! அந்த மனுசன் என்னடான்னா தன்னை எல்லாரும் துரோகின்னு நினைக்கிறாங்கன்னு..."

"வண்டிய எடு."

*

மார்லிஸ் சமையலறையில் இருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண். ஆறு மாதப் பிரச்சாரத்தில் ஓய்ந்த குரல். ஆர்டிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரப் பத்திரிகையை மேஜைமேல் வைத்தார், கேக் வெட்டுகிற கீத் தெரியும்படி.

மார்லிஸ் அதைத் திருப்பிக் குப்புறப் போட்டாள்.

"ஆகஸ்டுல கவுண்டி சந்தை" என்றாள். "சர்ச்சுப் பெண்களோட கடையில ஆப்பிள் பை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். கீத் வந்து உக்காந்தான். 'மார்லிஸ், நாம ரெண்டு பேரும் ஸ்டோர்விக்ல வளர்ந்தவங்க. தன் பேருக்குத் தானே போட்டுக்கறது நமக்குக் கூசும். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன். கணக்கு நேராயிடும்'னான். கை கொடுத்தோம். நானும் போட்டேன்."

"அவன்?"

"அதான் பேப்பர்ல போட்டிருக்கானே. கேக் வேற வெட்டறான்."

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும், ஆனாலும் வந்துவிட்டது. அவன் சொன்னபடி அவளுக்குப் போட்டிருந்தால் எண்ணிக்கை அப்படியே தலைகீழ். இன்று கேக் வெட்டுகிறவள் மார்லிஸ். தூ, என்ன மனுஷன்!

"கோர்ட்டுக்குப் போலாமே!" என்று கத்தினேன்.

"எதச் சொல்லி? பை சாப்பிடும்போது சத்தியம் பண்ணினான்னா?" மார்லிஸ் கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். "தோத்தது போகட்டும். எனக்கு டெல்மார்தான் பயம். கீத் பேரு காதுல விழுந்தாலே அவனுக்குப் பித்தம் தலைக்கேறும். முப்பது வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் கீத் எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாத்துட்டுத்தான் எனக்கு நாற்காலி போடுவான். அவன்கிட்டப் போய், என் கையாலயே கீத்துக்குப் போட்டேன், என் பதவியத் தூக்கி அவனுக்கே கொடுத்துட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? முகத்தப் பாத்தா வாய் வரல. அக்கா வீட்டுக்குப் போயிட்டா லெட்டர் எழுதலாம்னு... ஆர்டிஸ், லார்ஸ் சகோதரர்கள்ல ஒருத்தன்னு சொல்லிடுங்களேன். அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

"ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர்கிட்ட நான் சொன்னதே இல்ல" என்றார் ஆர்டிஸ். "பொய்யாவும் சொல்ல மாட்டேன், நிஜமாவும் சொல்ல மாட்டேன். எட்டு நாளா அவர் கொட்டகையில உக்காந்திருக்கார், மார்லிஸ். நீங்க அவரைத் துரோகின்னு நினைக்கிறதா நினைச்சுக்கிட்டு."

மார்லிஸ் நிமிர்ந்தாள். "நானா? அவனையா?"

பின்கதவு திறந்தது. டெல்மார் பூட்ஸில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டே வாசலில் நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்தார். "தெரிஞ்சிடுச்சா? யாரு?"

 நான் அடுப்பில் இருந்த கெட்டிலை உற்றுப் பார்த்தேன்.

"நான்தான், டெல்மார்" என்றாள் மார்லிஸ்.

எல்லாவற்றையும் சொன்னாள். சந்தை, பை, கை கொடுத்தது, கறுப்பாக்கிய வட்டம். எதையும் விடவில்லை. டெல்மாரின் கழுத்து நரம்பு புடைத்தது. கீத்தின் பேர் வரும்போதெல்லாம் கண் சுருங்கியது. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உடைக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அப்ப ஆர்விட்... பாஸ்டர்... எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"என்னைத் திட்டல. எனக்காகப் பாவப்பட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்தார். "அது இன்னும் கேவலமா இருக்கு, மார்லிஸ். துரோகின்னு நினைச்சிருந்தாக்கூடத் தேவல."

"ஆமா."

"அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினியே. அப்ப மனசுல என்ன இருந்துச்சு? நிஜத்தச் சொல்லு."

மார்லிஸ் மேஜையில் கிடந்த பத்திரிகையை ஓரமாகத் தள்ளினாள். "பெருமையா இருந்துச்சு. சொன்ன சொல்லக் காப்பாத்தறோம், அவனும் காப்பாத்துவான்னு."

"அவன அப்படி நம்பின." டெல்மாரின் குரல் உடைந்தது. "என்னை என்னிக்காவது அப்படி நம்பியிருக்கியாடி?"

நான் வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன். ஆர்டிஸ் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"டெல்மார், காலையில ஒண்ணு கேட்டீங்களே" என்றார். "நீங்க மார்லிசுக்குத்தான் போட்டீங்கன்னு நிரூபிக்கச் சொல்லி. முடியாதுன்னேன். தப்பு. நிரூபணம் இருக்கு. இந்த ஊர்ல கீத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது இவங்களோடது. அப்ப உங்களோடது எங்க போயிருக்கும்?"

டெல்மார் விரல்விட்டு எண்ணாத குறை. உதடு மட்டும் அசைந்தது.

"எனக்கு அது அன்னிக்கு ராத்திரியே தெரியும்" என்றாள் மார்லிஸ். இப்போது அழுதுகொண்டிருந்தாள். "பன்னெண்டாயிரத்துச் சொச்சம் பேர் போட்டாங்க. என் முகத்துக்கு நேரா சிரிச்சவங்கள்ல யார் போட்டா, யார் போடலன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ போட்டேன்னு தெரியும். அவ்வளவு வயித்தெரிச்சல வெச்சுக்கிட்டு, நான் ஜெயிச்சா வீட்ல இருக்க மாட்டேன்னு தெரிஞ்சும், எனக்குப் போட்டிருக்கே. அதனாலதான் உன் முகத்தப் பாக்க முடியல. கோபத்துல இல்ல, டெல்மார். வெக்கத்துல."

 டெல்மார் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எனக்கு இன்னும் கோபம் இருக்கு."

"இருக்கட்டும்."

"அந்தப் பயலோட இனிமே பை சாப்பிடக் கூடாது."

"அவன் எதிர்ல தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"நாளைக்குக் கோ-ஆப்புக்கு என்கூட வரணும். எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"என்னன்னு?"

டெல்மார் தயங்கினார். கேட்கக் கூச்சமாக இருந்தது போலும். "என் புருஷன் எனக்குத்தான் போட்டான்னு."

தன்னைப் பற்றியோ தன்னுடையதைப் பற்றியோ நாலு பேர் நடுவில் பெருமை பேசுவது என்றால் ஸ்டோர்விக்காரர்களுக்குச் சாவு மாதிரி. மார்லிஸ் எழுந்து ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

"நாளைக்கு எதுக்கு? மூணு மணிக் காபிக்கு எல்லாரும் இருப்பாங்க. கிளம்பு."

கோ-ஆப்பில் நீள மேஜையைச் சுற்றி ஏழெட்டு ஆரஞ்சுத் தொப்பிகள். டெல்மார் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆர்விட் மோயன் பூட்ஸைப் பார்க்கத் தொடங்கினார். மார்லிஸ் மேஜை முனைக்குப் போய் நின்றாள். காது நுனிவரை சிவந்திருந்தாள்.

"கீத்துக்குப் போட்டது நான். அது உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் எனக்குப் போடறதாக் கை கொடுத்துட்டு, தனக்கே போட்டுக்கிட்டான். அது உங்களுக்குத் தெரியாது" என்றாள். "எனக்குப் போட்டது என் புருஷன். யாருக்காவது தலை குனியணும்னு இருந்தா என்னைப் பாத்துக் குனிங்க. இவன நிமிர்ந்து பாருங்க."

 லார்ஸ் சகோதரர்களில் மூத்தவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "கீத் தனக்கே போட்டுக்கிட்டானா?" என்றார், யாரோ செத்துப் போன செய்தி கேட்ட மாதிரி. "ஸ்டோர்விக்ல பொறந்துட்டு?"

ஆர்விட் தலையைத் தூக்கி டெல்மாரை நேராகப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினார். டெல்மார் அதில் உட்காரவில்லை. அதை இழுத்து மார்லிசுக்குப் போட்டார். தனக்கு இன்னொன்றை எடுத்து வந்து, அவளை ஒட்டிப் போட்டுக்கொண்டு, இரண்டு காபி கேட்டார்.